கழனி வேலை மட்டும் போதுமா? ஏரிக்கரை ஓட்டமும் பழைய சைக்கிளும்

“காலையில ஆறு மணிக்குக் கழனியில இறங்குறேன். பொழுது சாயத்தான் வீட்டுக்கு வர்றேன். எனக்கு எதுக்குய்யா ஓட்டமும் சைக்கிளும்? அதெல்லாம் பட்டணத்துல நாற்காலியில உக்காந்து வேலை பாக்கறவங்களுக்கு.” உத்திரமேரூர் பக்கம் எந்த டீக்கடையில் உடற்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தாலும் இந்தப் பதில் வந்துவிடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அப்படிச் சொல்லும் விவசாயியின் ஒரு நாள் வேலையைப் பிரித்து எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறாக வருகிறது.

இன்று 50, 55 வயதில் இருக்கும் விவசாயியின் அப்பா, கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர். மாட்டின் பின்னால் ஏர் பிடித்து நாளெல்லாம் நடந்தவர். கதிர் அறுத்து, கட்டு சுமந்து, களத்தில் அடித்துத் தூற்றியவர். சந்தைக்குப் போனால் நடை, சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் நடை. மகனுக்கு உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. சேறு கலக்க ரோட்டவேட்டர், நடவுக்குப் பல இடங்களில் இயந்திரம். ஓரிரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை அறுத்துக் கொட்டிவிட்டுப் போகிறது அறுவடை இயந்திரம். செல்போனில் ஒரு அழைப்பு கொடுத்தால் மோட்டார் ஓடுகிறது. வீட்டிலிருந்து வரப்பு வரைக்கும் பைக். இவை எதையும் குறை சொல்வதற்கில்லை. ஆள் கிடைக்காத காலத்தில் இயந்திரம் இல்லாவிட்டால் பாதிக் கழனி தரிசாகத்தான் கிடக்கும். ஆனால் உடம்பு செய்த வேலை குறைந்த அளவுக்குத் தட்டில் விழும் சோறு குறையவில்லை.

மீதி இருக்கும் வேலையும் ஒரே சீராக இல்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் பட்டமானாலும் நாற்று விடும்போதும் நடவின்போதும் அறுப்பின்போதும் பத்துப் பதினைந்து நாள் உடம்பு முறியும். அதன் பிறகு வாரக்கணக்கில் தண்ணீர் பார்ப்பதும் உரம் வாங்கப் போவதும்தான் வேலை. உரமூட்டையைத் தூக்குவது, குனிந்து களை எடுப்பது, மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பது எல்லாம் இடுப்பையும் முழங்காலையும் களைக்க வைக்கும். நெஞ்சுக்கும் ரத்தக்குழாய்க்கும் வேண்டியது வேறு. மூச்சு கொஞ்சம் வேகமாகி, அந்த வேகம் அரைமணி நேரம் விட்டுப்போகாமல் இருக்கிற வேலை, வாரத்தில் ஐந்து நாளாவது வேண்டும். டிராக்டர் ஓட்டும் விவசாயிக்கும் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் இந்த விஷயத்தில் இப்போது பெரிய வித்தியாசம் இல்லை.

கிராமத்துக்கும் வந்த சர்க்கரை

சர்க்கரை நோய் பட்டணத்து வியாதி என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நகரத்தில் 100 பேருக்கு 16 பேர் என்றால், கிராமத்தில் கிட்டத்தட்ட 9 பேர். இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வரும் விளிம்பில் நிற்கிறார்கள். 100 பேரில் 35 பேருக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது. இவற்றில் எதுவும் ஆரம்பத்தில் வலிக்காது. அதனால்தான் பலருக்குத் தெரிவதில்லை.

விவசாயிக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து. காரணம் கால். சர்க்கரை பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். சேற்றில் வெறுங்காலோடு இறங்கியவருக்கு முள் தைத்ததும் தெரியாது, நத்தை ஓடு கீறியதும் தெரியாது. இரண்டு நாள் கழித்து வீங்கிய பிறகுதான் பார்ப்பார். சேற்றுத் தண்ணீர் பட்ட புண், சர்க்கரை உள்ளவருக்கு லேசில் ஆறாது. விரலை எடுக்க வேண்டியதாகும், சிலருக்குக் காலையே எடுக்க வேண்டியதாகும். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கால் போனால் அடுத்து என்ன ஆகும்? நிலம் குத்தகைக்குப் போகும். மருந்துச் செலவுக்கு மாடு போகும். படிப்பை விட்டுவிட்டுப் பையன் கம்பெனி வேலைக்குப் போவான். பூச்சி விழுந்தால் ஒரு போக விளைச்சலோடு போகும். கால் விழுந்தால் குடும்பமே திசை மாறிவிடும்.

தசைதான் சர்க்கரையை வாங்கும் இடம்

சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதை அதிகமாக வாங்கிச் செலவழிப்பவை தசைகள். அதிலும் தொடைத் தசை, பிட்டத் தசை இரண்டும் உடம்பிலேயே பெரியவை. தசை சும்மா இருக்கும்போது இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் சர்க்கரை உள்ளே போகும். தசை வேலை செய்யும்போது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில்கூட அது தானாகச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரை அதன் பலன் இருக்கும். அதற்குப் பிறகு குறைந்துவிடும்.

ஆகவே முறைத் தண்ணீர் மாதிரி இதற்கும் ஒரு முறை வேண்டும். மாதத்தில் ஒரு நாள் ஏரியையே திறந்துவிட்டால் பயிர் பிழைக்காது. அதுபோலத்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழுந்து விழுந்து ஓடுவதும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவு எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்குப்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகத்தில் உடல் உழைப்பு வேண்டும். வேகமான ஓட்டம் போன்றவை என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். இதில் கழனி வேலை, வீட்டு வேலை, நடந்து போவது, சைக்கிளில் போவது எல்லாமே சேரும். மண்வெட்டி பிடித்து ஒரு மணி நேரம் வரப்பு வெட்டினால் அதுவும் கணக்கில் உண்டு. நடுத்தர வேகம் எது என்று அறிய கருவி எதுவும் வேண்டாம். வேலை செய்துகொண்டே பக்கத்திலிருப்பவரோடு பேச முடியும், ஆனால் பாட முடியாது என்றால் அதுதான் அந்த வேகம். மோட்டார் கொட்டகையில் நின்று தண்ணீர் பாய்வதைப் பார்ப்பது இதில் சேராது. ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தால், 150 நிமிடம் வருகிறதா என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.

ஐம்பதுக்கு மேல் ஓடத் தொடங்கியவர்கள்

“இந்த வயசுலயா?” என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் சொல்ல இரண்டு பேரின் கதையே போதும்.

மா. சுப்பிரமணியன் 2006 முதல் 2011 வரை சென்னை மேயராக இருந்தவர். 2021 மே மாதம் தமிழ்நாட்டின் சுகாதாரத் துறை அமைச்சரானார். 2004-ல் நடந்த சாலை விபத்தில் அவருடைய முழங்காலில் பலத்த காயம் பட்டது. சர்க்கரையும் உண்டு. நடையில் ஆரம்பித்து, 50 வயதைத் தாண்டிய பிறகு ஓட்டத்துக்கு மாறினார். 21 கிலோமீட்டர் தூரத்து அரை மாரத்தான் போட்டிகளை மட்டும் நூற்றுக்கும் மேல் ஓடி முடித்திருக்கிறார். அந்த அனுபவத்தை ‘ஓடலாம் வாங்க’ என்று புத்தகமாகவும் எழுதினார். முழங்காலில் அடிபட்டவர்கள் எல்லோரும் இப்படி ஓடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சர்க்கரையும் வயதும் வந்துவிட்டால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிற பேச்சு சரியில்லை என்பதே இதில் தெரிந்துகொள்ள வேண்டியது.

இன்னொருவர் விவசாயி. பஞ்சாபில் ஜலந்தர் பக்கம் பியாஸ் பிண்ட் கிராமத்தைச் சேர்ந்த ஃபௌஜா சிங். மனைவியையும் ஒரு மகனையும் அடுத்தடுத்து இழந்து, இங்கிலாந்தில் இன்னொரு மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தத் துக்கத்திலிருந்து வெளியே வருவதற்காக ஓட ஆரம்பித்தார். 2000-ம் ஆண்டு லண்டனில் 42 கிலோமீட்டர் மாரத்தானை முடித்தபோது பாஸ்போர்ட்டின்படி அவருக்கு வயது 89. 2011-ல் கனடாவின் டொரண்டோவில் 100 வயதில் இன்னொரு மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கிராமத்தில் பிறந்த அந்தக் காலத்து விவசாயி பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவார்?

மகாராஷ்டிரத்தில் பாராமதியில் 2014-ல் நடந்த முதியோர் ஓட்டத்தில் லதா பகவான் கரே என்ற விவசாயக் கூலித் தொழிலாளி, 60 வயதுக்கு மேல், சேலையோடு வெறுங்காலில் ஓடி முதலிடம் பெற்றார். கணவரின் வைத்தியச் செலவுக்குப் பணம் வேண்டியே ஓடினார். பயிற்சியாளர் இல்லை, காலணியும் இல்லை. வயலில் உழைத்த கால் இருந்தது.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு வயதுக் கணக்கு புதிதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921-ல் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதி உள்ளவர் யார் என்று சொல்கிறது. 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஏரி வாரியத்தில் இருந்து ஏரியையும் கரையையும் பார்த்துக்கொண்டவர்கள் அந்த வயதுக்காரர்கள். 1,100 வருடத்துக்கு முன்பு ஊரைத் தாங்கும் வயது என்று வைத்த வயதை, இன்று ‘இனி என்ன’ என்று உட்கார்ந்துவிடும் வயதாக ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கொட்டகையில் நிற்கும் சைக்கிள்

ஓட்டத்தைவிட முதலில் சைக்கிளே பெரும்பாலான விவசாயிகளுக்கு ஏற்றது. காரணம் எளிது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் எடை முழுக்க முழங்காலில் இறங்கும். சைக்கிளில் எடையைச் சீட் தாங்கிக்கொள்ளும். மூட்டு வலி உள்ளவர், எடை கூடியவர், பாதம் மரத்துப்போனவர் எல்லோருக்கும் சைக்கிள் பாதுகாப்பு.

அதற்காகப் புது சைக்கிள் வாங்க வேண்டாம். தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-02-ல் தொடங்கியது. பிறகு மாணவர்களுக்கும் விரிந்தது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், கல்யாணமாகிவிட்டது, சைக்கிள் மட்டும் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பக்கத்தில் காற்றில்லாமல் சாய்ந்து நிற்கிறது. இப்படி இல்லாத தெரு குறைவு. ட்யூப், பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கோட்டம் எடுத்தால், டிராக்டரின் ஒரு மணி நேர வாடகைக்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளாக இருப்பது வேட்டிக்கும் சேலைக்கும் வசதி.

ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு வைத்த சீட் உயரம் பெரியவருக்குச் சரிவராது. சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே கொண்டுவரும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் மடங்கியே சுற்றும், நான்கே நாளில் முட்டி வலி வரும். ‘சைக்கிள் ஓட்டினால் முட்டி வலிக்குது’ என்பவர்களில் பலருக்குக் கோளாறு சீட்டில்தான் இருக்கும்.

இனி நேரக் கணக்கு. பால் ஊற்றும் சங்கம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 4 கிலோமீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 20 நிமிடம். காலையில் மட்டும் கேனை சைக்கிளில் எடுத்துப் போனால் வாரத்துக்கு 140 நிமிடம். சாயங்காலப் பாலும் சைக்கிளில் என்றால் 280 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்ட அளவு, வேறு எந்த நேரமும் ஒதுக்காமல், பால் சங்கத்துக்குப் போய் வருவதிலேயே நிறைந்துவிடுகிறது. பெட்ரோலும் மிச்சம். மாடு இல்லாதவருக்குக் கழனியும், உரக்கடையும், ரேஷன் கடையும், உத்திரமேரூர் பஜாரும் இருக்கின்றன.

இதில் இன்னொரு வசதி உண்டு. வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓடினால், ‘வேலை வெட்டி இல்லாம ஓடறான் பாரு’ என்று ஒரு சிரிப்புச் சத்தம் பின்னாலேயே வரும். கூச்சத்தில் இரண்டாம் நாளே நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கேரியரில் பால் கேன் இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பெண்களுக்கு எப்போது நேரம்?

பொழுது விடிவதற்கு முன் வாசல் தெளித்து, பால் கறந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, களையெடுப்புக்கும் நடவுக்கும் போகும் பெண்ணிடம் போய் ‘தனியாக அரைமணி நேரம் ஒதுக்கு’ என்று சொல்வது எடுபடாது. அவர்களுக்கும் போகிற வேலையையே சைக்கிளுக்கு மாற்றுவதுதான் வழி. இது நடக்குமா என்ற சந்தேகத்துக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பதில் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றார். கூலி வேலைக்காரர்கள், கல் உடைப்பவர்கள், பூ விற்பவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் தட்டுப்பட்டபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நாலு ஊர் போய் விளைபொருள் விற்றதில் வருமானமும் கூடியது. அவர்கள் உடற்பயிற்சிக்காகக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் மிதித்த கால் மிதித்த கால்தான்.

ஏரிக்கரையில் 12 வாரம்

ஓட ஆசைப்படுபவருக்கு உத்திரமேரூர் ஏரிக்கரையைவிட நல்ல இடம் கிடைக்காது. கல்வெட்டில் வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி இது. சுற்றுக் கிராமங்களிலும் ஊருக்கொரு ஏரி உண்டு. கரை மண், தார் ரோட்டைவிட முழங்காலுக்கு இதம். வண்டித் தொந்தரவும் குறைவு. இருட்டில் மட்டும் போகக் கூடாது. பாம்பு நடமாட்டம் உண்டு. வெளிச்சம் வந்த பிறகு போகலாம், முன்பே போவதென்றால் கையில் டார்ச் வேண்டும். மழையில் கரை வழுக்கும் நாட்களில் சைக்கிள் போதும்.

முதல் 4 வாரம் ஓட்டமே கிடையாது. வாரத்துக்கு 5 நாள், 20 நிமிட வேக நடையில் தொடங்கி, நாலாவது வாரத்தில் 30 நிமிடத்துக்கு வர வேண்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாளாக, வாரம் 3 நாள் மட்டும் ஓட்டம். முதல் 5 நிமிடம் நடை. பிறகு 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என்று 7 தடவை. கடைசி 4 நிமிடம் மெதுநடை. ஆகமொத்தம் 30 நிமிடம். ஒன்பதாவது வாரத்திலிருந்து அதையே 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று மாற்றலாம். மீதி நாட்களில் இரண்டு நாள் அரைமணி நேரம் சைக்கிள். ஓட்டத்தில் 90, சைக்கிளில் 60, ஆக வாரத்துக்கு 150 நிமிடம். 12 வாரம் முடிந்த பிறகு பலருக்கும் 15, 20 நிமிடம் நிற்காமல் ஓட வரும்.

ஓடும் வேகம், பக்கத்தில் நடப்பவரைக் கொஞ்சம் முந்துகிற வேகம் இருந்தால் போதும். பேச முடியாத அளவுக்கு இரைத்தால் நடைக்கு இறங்கிவிட வேண்டும். முட்டியோ குதிகாலோ வலித்தால் அந்த வாரம் கூட்டாமல் முந்தைய வாரத்து அளவிலேயே இருக்க வேண்டும். நாற்றுக்கு முதல் நாளே முழு உரத்தையும் கொட்டுகிற விவசாயி கிடையாது. ஓட்டத்திலும் அந்தப் பொறுமைதான் தேவை.

நடவு நாள், அறுப்பு நாள், மூட்டை ஏற்றும் நாள் எல்லாம் ஓட்டத்துக்கு விடுமுறை. அன்றைய வேலையே கணக்கில் சேர்ந்துவிடும். பூச்சிமருந்து அடித்த அன்றும் ஓட வேண்டாம். வேலை ஓய்ந்த வாரங்களில்தான் விடாமல் செய்ய வேண்டும். உடம்பில் சர்க்கரை ஏறுவதும் அந்த வாரங்களில்தான்.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

40 வயதைத் தாண்டியவர் முதல் நாள் ஓடுவதற்கு முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட வேண்டும். காசு கிடையாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஏற்கெனவே நெஞ்சுவலி வந்தவர், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் ஓடவோ மிதிக்கவோ கூடாது. திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். சட்டைப் பையில் இரண்டு மிட்டாயோ கொஞ்சம் சர்க்கரையோ இருக்க வேண்டும். உடற்பயிற்சி செய்கிறோம் என்று மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுவது பெரிய தப்பு. சர்க்கரை இறங்கி வந்தால் டாக்டரே அளவைக் குறைப்பார்.

சர்க்கரை உள்ளவர் வெறுங்காலில் ஓடக் கூடாது. சாதாரண கேன்வாஸ் ஷூ போதும். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். கழனியில் இறங்கிய நாளில் இது இன்னும் முக்கியம்.

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். ‘வாயுவாக இருக்கும்’ என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

சாலையில் போகிறவர் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நூறு வயதைத் தாண்டி ஓடிய ஃபௌஜா சிங், 2025 ஜூலை 14 அன்று, 114 வயதில், சொந்த ஊர் அருகே சாலையில் நடந்துபோனபோது கார் மோதி இறந்தார். வயதும் வியாதியும் செய்யாததை ஒரு வண்டி செய்துவிட்டது. செங்கல், மணல் லாரி ஓடும் சாலையில் நடப்பவர், ஓடுபவர் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி போக வேண்டும். சைக்கிளில் போகிறவர் இடது ஓரம். சைக்கிளின் பின் மட்கார்டில் ஒளிரும் பட்டை ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சட்டை வெளிர் நிறமாக இருக்கட்டும்.

பலன் தெரிவது எப்படி?

முதல் மாதத்தில் எடை பெரிதாகக் குறையாது. அதைப் பார்த்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலில் மாறுவது தூக்கமும் மூச்சும். ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது முன்பு இரைத்தது இப்போது இரைக்காது. அடுத்து இடுப்பு. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள்ளும் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டவருக்கான அளவு. டேப் இல்லாத வீட்டிலும் ஆண்களுக்கு அரைஞாண் கயிறு இருக்கிறது. அது இறுகுகிறதா, தளர்கிறதா என்பது தராசைவிடச் சீக்கிரம் சொல்லிவிடும். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரைப் பரிசோதனையில் மாற்றம் தெரியும். ஓடிவிட்டு வந்து டீக்கடையில் இரண்டு வடையும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் என்றால் அதுவும் தெரியாது. ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, சாப்பிட்டதும் தெருக்கோடி வரைக்கும் பத்து நிமிடம் நடந்தால் பலன் இன்னும் கூடும்.

தனியாகத் தொடங்குவதைவிட இரண்டு பேராகச் சேர்வது நல்லது. பக்கத்துக் கழனிக்காரர், மச்சான், பால் சங்கத்தில் முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் சரி. ‘நாளைக்கு வரலையா?’ என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் நிற்காது. அறுவடை முடிந்து அடுத்த நாற்று விடும் வரை கிடைக்கும் இடைவெளிதான் இதைத் தொடங்க வசதியான காலம். கொட்டகையிலிருக்கும் சைக்கிளை வெளியே எடுத்து, காற்று நிற்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடலாம். நிற்கவில்லை என்றால் பஞ்சர் கடை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த நடையும் கணக்கில் சேரும்.